பதினாறு போர்ட் பெட்டியும் மாப்பிள்ளை வீட்டாரும்

பதில் தெரியாத கேள்வி எதுவானாலும் "நான் இன்ஜினியர்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. (பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நான் சோதிப்பது அட்டைப்பெட்டிகளை. எவ்வளவு உயரத்திலிருந்து போட்டால் கிழியும் என்று கேளுங்கள், சொல்கிறேன். மின்சாரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.) அந்தப் பழக்கம் ஒரே நாள் மாலையில் விட்டுப்போனது.

சில வருடங்களுக்கு முன் தீபாவளியன்று, என் தங்கை கவிதாவைப் பெண் கேட்டு நிபோங் திபாலிலிருந்து தினேஷின் பெற்றோர் முதல்முறையாக எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கவிதாவும் தினேஷும் இரண்டு வருடமாகப் பழகியவர்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பேச வேண்டிய பெரியவன் நான்தான். கவிதா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணே, வீடு சாதாரணமா இருக்கட்டும்லா. புதுசா ஒண்ணும் செஞ்சி வைக்காதீங்க."

அன்றைக்கே எண்ணூறு பிக்சல் விளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

பிக்சல் என்றால் ஒவ்வொரு குட்டி பல்பும் தனித்தனி நிறத்தில் எரியும். எது எப்போது என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்று உத்தரவு போடுவது கன்ட்ரோலர் என்ற பெட்டி. பல்புகளை மாடி பால்கனிக் கம்பியில் வலை மாதிரி கட்டிவிட்டால் படம் காட்டலாம், எழுத்து ஓட்டலாம். ஒரு குத்துவிளக்கு, அதன் மேல் அசையும் சுடர், அடியில் "நல்வரவு". இதுதான் என் திட்டம்.

முதலில் இணையத்தில் வாங்கிய கன்ட்ரோலர் ஐந்து வோல்ட்டுக்கானது. விளக்குகள் பன்னிரண்டு வோல்ட். இரண்டையும் ஒரே பவர் சப்ளையில் சேர்த்து மாட்டினேன். கருவாடு தீய்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது. அத்தோடு அந்தக் கன்ட்ரோலரின் ஆயுள் முடிந்தது.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த விளக்குக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நிதானமானவர்.

"எத்தன பிக்சல் தம்பி?"

"எண்ணூறுண்ணே."

"அப்ப இந்தச் சின்னது போதும். ரெண்டு போர்ட்டு இருக்கு. உங்க விளக்கையும் தாங்கும்."

என் கண் அலமாரியில் இருந்த பெரிய பெட்டி மேல் நின்றது. பதினாறு போர்ட்டுகள், அதாவது விளக்குச் சரங்களை மாட்டும் துளைகள். "அது?"

"அது ஹோட்டலு, பேரங்காடிக்கெல்லாம் போடுறது. கடை வாசல்ல காட்டுறதுக்கு வச்சிருக்கேன். வீட்டுக்கு எதுக்கு?"

"நான் இன்ஜினியர்ண்ணே."

அவர் பெட்டியை எடுத்துத் துடைத்தார். "வீட்டுக்குப் போனதும் மொதல்ல உள்ள இருக்குற கார்டை..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அதற்குள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தின் முனைக்கு வந்துவிட்டேன்.

விளக்குகளைக் கட்டி முடித்து சுவிட்சைப் போட்டால் ஒன்றும் எரியவில்லை. இந்தச் சரங்களுக்குத் தலை வால் உண்டாம். உத்தரவு தலையிலிருந்து வாலுக்குத்தான் போகுமாம். ஒவ்வொரு பல்பிலும் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. நான் எல்லாவற்றையும் வாலிலிருந்து கட்டியிருந்தேன். அவிழ்த்து மறுபடி கட்ட ஒரு முழு நாள். அந்த நாள் முழுக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மனைவி விமலா. இரண்டாம் முறை எரிந்தது. ஆனால் சுடர் பச்சையாக எரிந்தது. பெட்டி சிவப்பு என்று சொன்னதை விளக்குகள் பச்சை என்று எடுத்துக்கொண்டன.

"நல்லாத்தான் இருக்கு. பச்சைதானே, அப்படியே நோன்புப் பெருநாள் ராயா வரைக்கும் விட்டுடலாம்," என்றாள் விமலா.

அதைச் சரிசெய்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வாசல் பிளக் நனைந்து வீட்டுக் கரண்ட் முழுக்க டிரிப் ஆகி நின்றது. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் பாவப்பட்டு, தன் வீட்டுக்குள்ளிருந்து என் விளக்குகளுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு மகளைப் பார்க்க ஈப்போவுக்குப் போய்விட்டார். அந்த வயரின் இணைப்பில் ஒரு முழு ரோல் டேப்பைச் சுற்றினேன். (அந்த மூன்று நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.)

தீபாவளியன்று மாலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டாரின் காடி (எங்கள் ஊரில் கார்) வந்து நின்றது. தினேஷின் அப்பா ஓய்வுபெற்ற மலாய்மொழி ஆசிரியர். இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். சுடர் தங்க நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது.

"அழகா இருக்கே தம்பி. நீங்களே செஞ்சதா?"

"ஆமாங்க. நான் இன்ஜினியர்."

அந்த நேரத்தில்தான், உள்ளே, முறுக்குத் தட்டு வைக்க இடமில்லை என்று விமலா சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த என் மடிக்கணினியை மூடினாள். சுடருக்கான உத்தரவு அதிலிருந்துதான் வைஃபை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. உத்தரவு நின்றதும் பெட்டி சில நொடிகள் காத்திருந்தது. பிறகு தன் மெமரி கார்டில் ஏற்கெனவே இருந்ததை ஓட்ட ஆரம்பித்தது. அது கடை வாசலில் ஓடிய விளம்பரம்.

சுடர் அணைந்தது. இரத்தச் சிவப்பில் மலாய் வாசகங்கள் ஓடின. தினேஷின் அப்பா, ஆசிரியர் பழக்கத்தில், வாய்விட்டு வாசித்தார்.

"ஜுவாலான்... பெங்ஹாபிசான்."

இருக்கிற சரக்கையெல்லாம் தள்ளிவிடும் கடைசி விற்பனை.

"ஹார்கா போலே ரூண்டிங்."

விலையைப் பேசிக்கொள்ளலாம்.

மூன்றாவது வரியை அவர் மனதுக்குள் வாசித்தார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

தினேஷின் அம்மா கேட்டில் இருந்த வீட்டு எண்ணை ஒருமுறை சரிபார்த்தார். பட்டுப்புடவையில் வாசலுக்கு வந்த கவிதா மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, பக்கத்துல என் போட்டோவையும் மாட்டிடுங்க."

உள்ளே ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். விளக்கு, மின்விசிறி, பாட்டு எல்லாம் நின்றன. பால்கனியில் இருந்த விளக்குப் பலகை மட்டும் நிற்கவில்லை. அது பக்கத்து வீட்டுக் கரண்ட். இருட்டில் இன்னும் பிரகாசமாக ஓடியது. சாலையில் போன மோட்டார் சைக்கிள் ஒன்று வேகத்தைக் குறைத்து வாசித்துவிட்டுப் போனது.

மாடிக்கு ஓடினேன். கரண்ட் இணைப்பைப் பிரிக்கலாம் என்றால் ஒரு ரோல் டேப். ஆத்திரத்தில் பெட்டியிலிருந்து விளக்குக்குப் போகும் உத்தரவு வயரைப் பிடுங்கினேன். புது உத்தரவு வராவிட்டால் பிக்சல் விளக்குகள் கடைசியாகக் கேட்டதையே பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஓட்டம் நின்றது. எழுத்துகள் அணையவில்லை. "போலே ரூண்டிங்" என்ற இரண்டு சொற்கள் எங்கள் வீட்டு நெற்றியில் அசையாமல் நின்றன.

இனி கீழே இறங்குவதில்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா இருந்திருந்தால் வாசலில் நாலு அகல் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, வந்தவர்களை மரியாதையாக உட்காரவைத்திருப்பார். நான் தங்கையைத் தள்ளுபடியில் போட்டிருந்தேன். நிஜமாகவே கண் கலங்கியது. கீழேயிருந்து தினேஷின் அப்பா குரல் கேட்டது.

"தம்பி, இறங்கி வாங்க. பேசலாம்னு போர்டே சொல்லுது. உள்ள போயிப் பேசுவோம்லா."

முதலில் சிரித்தது தினேஷின் அம்மா. அப்புறம் கவிதா.

முறுக்குத் தட்டு காலியாவதற்குள் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. பலகை அணைந்தது பக்கத்து வீட்டுப் பெரியவர் மறுநாள் மதியம் திரும்பி வந்த பிறகுதான். அதற்குள் இரண்டு பேர் கேட்டைத் தட்டி என்ன விற்கிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

இப்போது கவிதா நிபோங் திபாலில் இருக்கிறாள். அவள் கோபம் தலைக்கேறும் நாள்களில் தினேஷ் எனக்குப் போன் செய்வார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொள்வார். "தெரியும்ண்ணே. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது."

பின்னாலிருந்து என் தங்கையின் குரல் தவறாமல் கேட்கும்: "கடைசி பீஸு, வேற ஸ்டாக் இல்லேன்னு சொல்லுங்கண்ணே. பத்திரமா வச்சிக்கச் சொல்லுங்க."