ஜமீன் மாளிகையில் வரதன் கை நனைத்த கதை

மச்சான் மோகன் வீட்டுச் சோற்றில் இனி ஒருக்காலும் கை நனைப்பதில்லை என்று வரதன் சபதம் போட்டு இரண்டு வருஷமாகிறது. ஒரு வாய் சாப்பிட்டாலும் சண்டை தீர்ந்ததாக ஊர் எடுத்துக்கொள்ளும். அதனால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குற்றம் லேசுப்பட்டதா? புதுமனைப் புகுவிழாவில் அக்காள் புருஷன் என்றும் பாராமல் அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டான்.

மனைவி கனகாவுக்குக் கவலை வேறு. சின்ன மகளுக்கு ஆவணியில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு பெண் காது குத்திக்கொள்வதா? அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். வரதனுக்கு அந்தக் கடைசி வழி மட்டும் பிடித்திருந்தது.

"நான் உசுரோட கீற வரிக்கும் அவன் சோத்துல கை வெக்க மாட்டேன். புள்ள காது மூளியா இருந்தா இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கனகா அதோடு விட்டுவிட்டாள். மனுஷன் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை, பெருநகர் ஊரைத் தாண்டி இருக்கும் ஜமீன் மாளிகையைச் சனங்கள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள், மத்தியானச் சாப்பாடும் உண்டு என்றாள். வரதன் உடனே கிளம்பினார். தாத்தா கைகட்டி நின்ற வாசலில் பேரன் செருப்புக் காலோடு நடக்க வேண்டாமா? செருப்பை வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். அவர் அங்கே வழக்காடிக்கொண்டிருந்த நேரத்தில் கனகா டிக்கெட் கவுண்டருக்குப் போய் வந்துவிட்டாள்.

உள்ளே எல்லா வாசல்களும் குள்ளம். வருகிறவன் ஜமீன்தாரைக் கும்பிட்டபடி நுழைய வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்களாம். சுற்றிக் காட்டிய தமிழ்ச்செல்வி எல்லாரையும் குனிந்து வரச் சொன்னாள். வரதனா குனிவார்? ஒவ்வொரு வாசலிலும் நிமிர்ந்தே நுழைந்தார், ஒவ்வொரு வாசலிலும் இடித்துக்கொண்டார். நெற்றி வீங்க வீங்க வீரமும் ஏறியது, பசியும் ஏறியது.

தர்பார் மண்டபத்தில் இலை போட்டிருந்தார்கள். கத்திரிக்காய்க் காரக்குழம்பு. ஒரு வாய் வைத்தவர் தலையே தூக்கவில்லை. மறுசோறு வாங்கினார். அதற்கும் மறுசோறு வாங்கினார். பிறகு மண்டபமே கேட்கும்படி, "சமைச்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும். கூப்புடுங்கய்யா அவர" என்றார்.

அவர் வந்தார். தோளில் துண்டு, கையில் கரண்டி. மச்சான் மோகன்! இந்த மாளிகையின் சமையற்கட்டைக் கொஞ்ச நாளாக அவன்தான் எடுத்து நடத்துகிறானாம்.

"வாங்க மாமா" என்று இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினான்.

வரதனுக்கு முழங்கை வரை குழம்பு வழிந்தது. கனகா நிதானமாக அப்பளத்தை உடைத்தாள்.

"கை நனைச்சாச்சி. காதுகுத்துக்குத் தேதி வெச்சிடலாமா?"

"இது எப்டி கை நனைச்சதாவும்? இது இன்னா இவன் வூடா? டிக்கெட்டு வாங்கிக்கினு வந்து துன்றேன். ஓட்டல்ல துன்னா ஒறவா?"

சொல்லிவிட்டு வரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். கனகாவும் தலையாட்டினாள்.

"டிக்கெட்டு யாருங்க வாங்கனது? கவுண்டர்ல தம்பி பேரச் சொன்னேன், சும்மாவே உட்டாங்க. மாமாவ விருந்துக்குக் கூட்டியாக்கான்னு தம்பி போன் பண்ணான். கூட்டியாந்தேன்."