பங்கர் வாசலில் கண்மட்டம்

குருநகர், யாழ்ப்பாணம்.
யூலை 1992

மதிப்புக்குரிய ‘கோடும் வடிவமும்’ பகுதிப் பொறுப்பாளர் ஐயா அவர்களுக்கு,

கொழும்பில் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் மின்சாரத்தோடு கூடிய நற்சுகம் நிலைக்க அந்தோனியாரை வேண்டிக்கொண்டு எழுதுவது. என் பெயர் அடைக்கலநாதன். கடற்றொழில். கடலுக்குப் போகத் தடை என்பதால் இப்போது வீட்டிலிருந்து பத்திரிகை வாசிக்கும் தொழில். என் மகள் மக்டலீன் உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் படம் வரையப் பழகினாள். அவள் அனுப்பிய படத்தைச் சென்ற மாதம் அச்சிட்டு, கீழே இப்படி எழுதியிருந்தீர்கள்: “கோழி வீட்டைவிடப் பெரிது. கண்மட்டக் கோடு நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கோடுகளில் நடுக்கம். கவனக்குறைவு.” அன்றைக்குப் பென்சிலை வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை. அதனால்தான் இக்கடிதம்.

முதல் பாடத்தில் ஒரு பெட்டியைப் பார்த்து வரையச் சொன்னீர்கள். எங்கள் தெருவில் இப்போது புதிதாகச் செய்யப்படுவது ஆள் நீளத்தில் ஒரே வகைப் பெட்டிதான். அதைப் பார்த்து வரையத் தாய் விடவில்லை. சவர்க்காரப் பெட்டி தேடினால் சவர்க்காரமே இல்லை. இரண்டாம் பாடத்தில், தண்டவாளத்தின் நடுவே நின்று பார், இரண்டு கோடும் தூரத்தில் ஒன்று சேரும் என்றீர்கள். தண்டவாளம் எங்களிடமும் இருக்கிறது, குண்டுக்குப் பதுங்க வெட்டின எங்கடை பங்கருக்குக் கூரையாக. பிள்ளை மல்லாந்து கிடந்து பார்த்தாள். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை, மண்மூட்டையில் முடிந்தது. மூன்றாம் பாடம், மணிக்கட்டால் கீறாதே, தோளிலிருந்து ஒரே மூச்சில் கோட்டை இழு. பங்கருக்குள்ளை ஐந்து பேர் குந்தியிருக்கிறம், ஐயா. அவள் தோளை இழுக்க முழங்கை தாயின்ரை செபமாலையிலை தட்டும். “உன்ரை கோட்டாலை நான் மணி எண்ணுறது பிழைச்சுப்போச்சு, இனித் திரும்ப முதல்லையிருந்து” எண்டு என்ரை மனிசி மரியநாயகி தொடங்குவா. பொம்பர் குண்டைப் போட்டிட்டுத் திரும்பிப் போனபிறகும் செபமாலை முடியாமல் நாங்கள் உள்ளுக்கை இருந்திருக்கிறம்.

அந்தப் படமும் அங்கையிருந்து கீறினதுதான். பங்கர் வாசலாலை தலையை நீட்டினால் கண் நிலத்தோடைதான் நிக்கும். முன்னுக்கு மேயிற கோழி பெரிசு, பின்னுக்கு நிக்கிற வீடு சின்னன். கண் எங்கை இருக்கோ அங்கைதான் கோடு எண்டு படிப்பிச்சது நீங்கள். உங்கடை கண் மேசைக்கு மேலை இருக்கு, எங்கடை கண் மண்ணிலை இருக்கு. அதுக்குக் கவனக்குறைவு எண்டு பேர் வைக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? பேப்பரைக் கண்ட பக்கத்து வீட்டுப் பேதுரு மதிலாலை எட்டி, “அடைக்கலண்ணை, உங்கடை கோழி ஆனையளவு நிக்குது. ஒரு முட்டை தாருங்கோவன், ஒழுங்கைச் சனம் முழுக்கச் சாப்பிடலாம்” எண்டான். நாங்கள் எல்லாரும் சிரிச்சம். பிள்ளை சிரிக்கேல்லை. நடுக்கத்தைப் பற்றி நான் கதைக்கேல்லை. தலைக்கு மேலை பொம்பர் சுத்தேக்கை நீங்கள் ஒரு கோடு கீறிப் பாருங்கோ, பிறகு கதைப்பம்.

ஆகவே அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடவும்: கண்மட்டமும் சரி, நடுக்கமும் சரி என்று. அதைக் கண்டால் அவள் பென்சிலை எடுப்பாள்.

தங்கள் கண்ணும் கையும் நெடுநாள் நிலைக்க ஆசீர்வதிக்கும்,
சூ. அடைக்கலநாதன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பொம்பர் வந்துவிட்டது. எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். மக்டலீன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி வாசித்தாள். “திருத்தம் வேண்டாமப்பா” என்று மட்டும் சொல்லி, அதன் பின்பக்கத்தில் ஒரு பெட்டி வரையத் தொடங்கினாள். தாய் பார்க்க விடாத அந்த நீளப் பெட்டி. கிட்டடியில் இரண்டு குண்டுகள் விழுந்தன, தாளில் மண் கொட்டியது, அவள் ஊதிவிட்டு மிச்சத்தையும் இழுத்தாள். திருப்பிப் பாருங்கள். ஒரே மூச்சுக் கோடு, கொஞ்சமும் அசையவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி, நான் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் கோணியிருப்பது என் எழுத்து. கை நடுங்காத பதினைந்து வயதுப் பிள்ளையை என்ன செய்வது என்று மட்டும் அடுத்த பாடத்தில் எழுதவும்.