அந்தமான் கொண்டான்

செங்கல்பட்டு பைபாஸில் பஸ் நின்றபோது உலகநாதனின் கழுத்தில் மாலை இருந்தது, மடியில் புளிசாதத் தூக்கு இருந்தது, காதில் மேனேஜர் ஹரிஹரன் இருந்தார்.

"உலகநாதன், அந்தமான் மீட்டிங் கேன்சல். டீலருங்க எல்லாம் வீடியோவுலயே வரேன்னுட்டாங்க. உங்க டிக்கெட்டயும் கேன்சல் பண்ணியாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வீட்லேர்ந்தே ஜாயின் பண்ணிடுங்க."

"சார், நான் கிளம்பிட்டேனே சார்!"

"பிளேன்ல ஏறலயே? அப்புறம் என்ன?"

தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் பதினெட்டு வருடம் உழைத்ததற்குக் கிடைத்த முதல் விமானப் பயணம் அது. வேலை இரண்டு நாள்தான். கூடவே மூன்று நாள் லீவு போட்டு, தீவில் தென்னை மரத்தடியில் கால் நீட்டிப் படுப்பதாகத் திட்டம். மனைவி வேண்டாவிடம் மட்டும் ஐந்து நாளும் வேலை என்று சொல்லியிருந்தார்.

"நானும் வரட்டா?" என்று அவள் கேட்டபோது, "பொண்டாட்டிய இட்டுகினு வந்தா வேலய விட்டே தூக்கிடுவானுங்க" என்றார். அவள் புளிசாதம் கிளறப் போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்தான். ஆனால் அச்சரப்பாக்கம் பஸ் ஸ்டாண்டில், பக்கத்து வீட்டுத் தாமோதரன் பத்தடிக்கு பேனர் கட்டியிருந்தான். அவருடைய ஆதார் அட்டையில் இருக்கும் அதே முகம், விமானத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கீழே, 'அந்தமான் கொண்டானே, வென்று வருக!' அந்த பேனருக்குக் கீழே அன்றைக்கே போய் இறங்க எந்த மனிதனால் முடியும்?

உலகநாதன் மாலையைக் கழற்றிவிட்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினார்.

கடற்கரை ஓரம் லாட்ஜ் வைத்திருந்த ஸ்டான்லி முழுக் கதையையும் கேட்டான். "இதுக்கா பேஜாராவுற அண்ணாத்த? அந்தமான்லயும் இதே கடல்தான். அது அந்தாண்ட கரை, இது இந்தாண்ட கரை. சாவிய புடி."

மறுநாள் பத்து மணிக்கு மீட்டிங். இப்போது சிக்கல் இரண்டானது. வேண்டாவுக்கு அவர் அந்தமானில் இருக்க வேண்டும், ஹரிஹரனுக்கு அச்சரப்பாக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுச் சுவர் போலத் தெரியட்டும் என்று ஸ்டான்லி வீட்டு மாதக் காலண்டரைப் பின்னால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன உலகநாதன், ஒரே இரைச்சல்?"

"மிக்ஸி சார்."

அலை நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஹரிஹரன் மறுபடி கேட்டார். "இன்னுமா அரைக்கிறாங்க?"

"கல்யாண வேலை சார். நெறைய பேருக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

"மச்சினிக்கு சார்."

"சொல்லவே இல்லையே! டீம் மொத்தமும் வரோம். பத்திரிகைய குரூப்புல போடுங்க."

இல்லாத மச்சினிக்கு முகூர்த்த நாள் யோசித்துக்கொண்டு மணலில் படுத்திருந்தபோது வேண்டா கூப்பிட்டாள். வீடியோ வேண்டாம், இங்கே டவர் சரியில்லை என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

"இன்னாங்க, எந்த ஓட்டல்ல கீறீங்க?"

"அது... நீலக்கடல் ஓட்டல். போர்ட் பிளேர்ல பெரிய ஓட்டல்."

"வாசல்ல இன்னா இருக்குது?"

"தென்ன மரம்."

மூன்றாம் நாள் காலையில் மறுபடி அழைப்பு. "அப்டி ஒரு ஓட்டலே இல்லியாமே?"

"யாரு சொன்னது?"

"நாலு பேர கேட்டேன்."

'போனில் தேடியிருப்பாள்' என்று நினைத்துக்கொண்டார். "அது பழைய பேரு வேண்டா. நேத்தே காலி பண்ணிட்டேன். ஹாவ்லாக் தீவுல ஒரு மோட்டார் ரிப்பேரு, இங்க வந்துட்டேன்."

"ஹாவ்லாக்கா? சரி" என்று வைத்துவிட்டாள்.

சந்தேகம் தீரட்டும் என்று கடலோரம் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். ஸ்டான்லிதான் எடுத்தான். போட்டோவில் தொப்பி இருந்தது, இளநீர் இருந்தது, தோளுக்குப் பின்னால் கடற்கரைக் கோவில் முழுசாக இருந்தது.

சாயந்தரம் வேண்டா கேட்டாள். "பின்னால இன்னா கோபுரம் அது? நம்ம மாபலிபுரம் மாரியே கீது?"

"இங்கயும் அதே மாரி ஒண்ணு கட்டியிருக்கான்."

"ஹாவ்லாக்ல எந்தப் பக்கம்?"

"ஹாவ்லாக் இல்ல, இது நீல் தீவு. மத்தியானமே இங்க மாத்திட்டானுங்க."

"ஒரு எடத்துல இருக்க மாட்டீங்களா?" அவள் குரலில் முதல் தடவையாகக் கோபம். பின்னால் நீளமாக ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. ஊர் வழியே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி என்று நினைத்தார்.

நாலாம் நாள் விடிந்தும் விடியாததுமாகப் போன். "நீல் தீவுல அப்டி கோபுரமே கெடையாதாம். யாரு கூட கீறீங்க? உண்மைய சொல்லுங்க."

உலகநாதன் எழுந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடக் குடித்தனம் போனிலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

"ஆளே இல்லாத தீவுனு சொல்லிடு அண்ணாத்த. யாராண்டயும் கேக்க முடியாது" என்று கிசுகிசுத்தான் ஸ்டான்லி. அவனே போனில் தேடி ஒரு பெயரும் காட்டினான்.

"பாரன் தீவு வேண்டா! எரிமல தீவு. ஒரு ஈ காக்கா கெடையாது. நான் மட்டும் தனியா கீறேன்."

"எரிமலயில மோட்டாரு எதுக்கு?"

"அணைக்கத்தான்."

"பத்திரம்" என்று மட்டும் சொன்னாள். அழுத மாதிரி இருந்தது. அன்று முழுக்க உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்தாவது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அடுத்த லீவில் அவளை நிஜமாகவே அந்தமானுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தார்.

ஐந்தாம் நாள் பிற்பகல், தோல் உரிந்த மூக்கோடும் ஒரு சிப்பி மாலையோடும் அச்சரப்பாக்கத்தில் இறங்கினார். பேனரை நிமிர்ந்து பார்க்காமல் தெருவுக்குள் நுழைந்தார். வீடு பூட்டியிருந்தது.

தாமோதரன் ஓடி வந்து அவரை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணாத்த! நீ மட்டும் வந்து நிக்கிற?"

"வேண்டா எங்கடா?"

"தனியா கீறாரேனு நீ போன மறுநாளே அண்ணி உனக்கு சொல்லாம பிளைட்டு ஏறி அந்தமான் போச்சே, ஓட்டல் ஓட்டலா, தீவு தீவா உன்ன தேடிட்டு, இப்ப எரிமலைக்குப் படகு வுடுங்கடானு அங்க கரையில உக்காந்துகினு கீது!"