திருமுகராயரும் ஆற்று மட்டிகளும்

ஒளிமங்கலம் என்ற நாட்டில் அரசராக நீடிக்க வாளும் வேண்டாம், வாக்கும் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை, குடிகள் பார்த்திருக்க, படித்துறையில் குனிந்து ஆற்றில் தம் முகத்தைக் கண்டால் போதும். முகம் தெரிந்ததா என்று சொல்ல வேண்டியவரும் அரசரே என்பதால், இதைவிட நேர்மையான தேர்தல் உலகில் இல்லை என்று பாடநூல்கள் கூறின.

அவ்வாண்டு திருமுகராயர் குனிந்தபோது முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அதற்குள்ளே, ஆற்றின் அடியில், ஏதோ கிடந்தது.

“என் நெற்றியில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவை எவை?”

“ஆற்று மட்டிகள், பிரபு, ஒருவகைச் சிப்பிகள்” என்றார் அமைச்சர் இன்மொழியார். “இன்றுவரை ஒரு வாழ்த்தொலிகூட எழுப்பாதவை.”

“வாயைத் திறந்து வைத்துக்கொண்டா?”

“திறந்து வைத்துக்கொண்டுதான், பிரபு.”

மட்டிகளையெல்லாம் வாரிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு, அரண்மனைக்கு வெள்ளையடித்தார்கள். மீன்கள் அலை எழுப்பி அரசமுகத்தைக் கலைக்கின்றன என்று ஆற்றுக்குக் குறுக்கே மூங்கில் தட்டி கட்டினார்கள். ஆறு கறுத்தது. கறுத்த நீரில் அரசர் முகம் இமைமயிர் வரை பளிச்சென்று தெரிந்தது. அந்த நீரைக் குடித்தவர்களுக்கு வந்த வயிற்றுப்போக்கை இனி ‘ஆற்றுப் பழக்கம்’ என்றே அழைக்க வேண்டும் என ஆணை பிறந்தது.

ஓடம் தள்ளும் சிலம்பாயியின் மகளுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. பிள்ளை கஞ்சிகூடத் தங்காமல் துவண்டு கிடந்தாள். காளவாய்க்குப் போன மூட்டையிலிருந்து ஒரு மடி மட்டியைச் சிலம்பாயி முன்பே பானைத் தண்ணீரில் ஒளித்து வைத்திருந்தாள். தட்டியில் சிக்கிய கெண்டைகளோடு அவற்றைக் கல்தொட்டியில் விட்டு, கறுப்புத் தண்ணீரை ஊற்றினாள்.

அதன்பின் நடந்ததை எழுதும்போது எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. மட்டி ஒரு துளையால் தண்ணீரை இழுக்கிறது, அழுக்கைத் தனக்கு இரையாக வைத்துக்கொள்கிறது, மறு துளையால் நல்ல நீரை விடுகிறது. சத்தமே இல்லை. பொழுது சாய்வதற்குள் தொட்டியின் அடிக்கல் தெரிந்தது. தாய் மட்டிகள் தூசி போன்ற குஞ்சுகளை வெளியே விட்டன. அவை கெண்டைகளின் செவுள்களைப் பற்றிக்கொண்டன. நடக்கக் காலில்லாத உயிர், தன் பிள்ளைகளை மீன் மேல் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறது! இதைக் கற்றுக்கொடுத்தது யார்?

சிலம்பாயியின் மகள் எழுந்து உட்கார்ந்தாள். தெருவே குடத்தோடு வந்தது. கூடவே காவலர்களும் வந்து, தொட்டியை வண்டியில் ஏற்றி அரசவைக்குக் கொண்டுபோனார்கள்.

திருமுகராயர் எட்டிப் பார்த்தார். “இதில் நான் எங்கே?”

“நல்ல தண்ணின்னா அடியில கெடக்குறதுதானுங்க தெரியும், மகாராசா” என்றாள் சிலம்பாயி. “எம் புள்ள இதக் குடிச்சுத்தான் பொழச்சா.”

“அரசரைக் காட்டாத தண்ணீர்!” என்று இன்மொழியார் கதறினார். “ராஜத்துரோகம்! ஆற்றில் கொட்டுங்கள்! கறுப்பு நீர் இதை விழுங்கட்டும்!”

“அய்யோ, மட்டிய மட்டுமாச்சும் விட்ருங்க சாமி. நாளைக்கு எம் புள்ளைக்கு எதக் குடுப்பேன்?”

யாரும் கேட்கவில்லை. அரச படகில், மேளதாளத்தோடு, நடு ஆற்றில் கவிழ்ப்பது என்று முடிவாயிற்று. படகு போக மூங்கில் தட்டி இடைஞ்சலாக இருந்ததால் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். தொட்டி கவிழ்ந்தது. மட்டிகள் மூழ்கின. கெண்டைகள், செவுள் நிறையப் பயணிகளோடு, தட்டி இருந்த இடத்தைத் தாண்டி ஓடின.

சிலம்பாயி மணலில் ஊற்றுத் தோண்டி, சொட்டுச் சொட்டாக இறைத்து மகளைக் காப்பாற்றினாள். தொட்டி கவிழ்ந்த இடத்தை ஓடத்தில் கடக்கும்போதெல்லாம் குனிந்து பார்ப்பாள். ஆண்டுகள் சில போயின.

இன்னொரு முகம் பார்க்கும் நாள் வந்தது. அரசர் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை.

“தெரிகிறது பிரபு, அருமையாகத் தெரிகிறது!” என்றார் இன்மொழியார். வாழ்த்தொலிக்காகக் கூட்டத்தின் பக்கம் கையை உயர்த்தினார்.

கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. சிலம்பாயியும் அவள் மகளும் முன்படியில் இருந்தார்கள். எல்லோரும் ஆற்றின் அடியில் கிடந்த மட்டிகளையே பார்த்திருந்தார்கள். எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.