மாப்பிள்ளை அட்டை

நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பது என்றால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும்வரை காத்திருந்து, திரும்பி நடந்தே வீட்டுக்கு வந்தவள் நான். (ஒரு தடவை இல்லை.) அப்படிப்பட்ட என்னை நம்பித்தான் ஒரு பிள்ளையை அனுப்பினார்கள்.

ஹட்டன் டவுனில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன வாரப் பத்திரிகையில் தேத்தண்ணி போடுவதும் கூட்டித் துடைப்பதும் என் வேலை. பத்திரிகை வேலை பழக வரும் மாணவர்களுக்கு அலுவலகம் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார் எங்கள் ஆசிரியர். என்ன கொடுக்காமல் விட்டோம் என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதுகிறேன்.

முதன்முதலில் வந்த மாணவன் கஜன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உட்கார நாற்காலி கிடையாது; பழைய பத்திரிகைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். இன்ன வேலை செய் என்று சொல்லவும் ஆள் இல்லை. பொழுது போகாமல் என்னோடு சேர்ந்து கோப்பை கழுவினான். பயிற்சி முடியப்போகிற வாரத்தில்தான் ஆசிரியருக்கு அவன் ஞாபகமே வந்தது. என்னைக் காட்டிச் சொன்னார்:

"தம்பி, செல்லம்மாக்கா இருந்த தேயிலத் தோட்டத்துல தண்ணி வரலையாம். அவங்களோட போய்ட்டு வந்து எழுதுங்க. சாயங்காலத்துக்குள்ள குடுத்தா ஒங்க பேரோட வரும்."

அதுதான் அவனுக்குக் கடைசி இதழ். அம்மாவுக்குக் காட்ட ஒரு செய்தியாவது பெயரோடு வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முகம் அப்படி மலர்ந்தது.

ஆனால் குடையில்லாமல் வந்து தொப்பலாக நனைந்திருந்தான். நான் பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு ஓடினேன். துணியெல்லாம் கொடியில் ஈரமாகக் கிடந்தது. காய்ந்திருந்தது ஒன்றே ஒன்று, என் மகனின் கல்யாணப் பட்டுச் சட்டை. அதைக் கொடுத்தேன். நானும் பல வருசம் கழித்துப் பிறந்த தோட்டத்துக்குப் போகிறேன் இல்லையா? நல்ல சேலை கட்டிக்கொண்டேன். வெறுங்கையோடு போகலாமா? ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட், இரண்டு முழம் பூ.

றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கியதும் கொழுந்து வாசம் வந்தது. கூடை இல்லாமலே முதுகு தானாக வளைந்தது. மலையேறி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக்குப் போனோம். வாசலில் மாரியாயி. ஒரே நிரையில் கொழுந்து பறித்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள் நாங்கள். அவள் மகள் சுதா பாலர் பாடசாலை டீச்சர். வந்த வரனையெல்லாம் விரட்டிவிட்டவள்.

மாரியாயி பட்டுச் சட்டையைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள்.

"அடியே செல்லம், ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா?"

சொல்லாமல் வந்ததற்குச் செல்லமாகக் கோபிக்கிறாள் என்று நான் சிரித்தேன். அதற்குள் லயத்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"தம்பிக்கு எங்க ஊரு புடிச்சிருக்கா?" என்று கஜனைக் கேட்டாள் மாரியாயி.

"ஓம் அம்மா, நல்லாப் பிடிச்சிருக்கு."

"வீடு?"

"வீடும் வடிவு."

மாரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடனே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை முகங்களைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், கொண்டுபோன பழத்தில் ஒன்றை நானே உரித்து வாயில் வைத்துக்கொண்டேன்.

சுதா அவசரமாகச் சேலை சுற்றிக்கொண்டு, தட்டில் பிளேன்டீயோடு வந்தாள். கஜன் பேனாவை எடுத்தான்.

"ஒரு நாளைக்கு எத்தினை குடம் தண்ணி தூக்குறனீங்கள்?"

"ஏன், கட்டிக்கிட்டு வந்தா அங்கயும் நான்தான் தூக்கணுமா?"

கஜன் எழுந்தே விட்டான். "ஐயோ, நான் பேப்பரில இருந்து வாறன்!"

"பேப்பர்காரரா? கார்டு எங்க?" என்றாள் மாரியாயி.

அலுவலகம் கார்டே கொடுக்கவில்லை. பல்கலைக்கழகக் கார்டு ஈரச் சட்டைப் பையில், ஹட்டனில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கஜனும் பார்த்தான். அந்தப் பார்வைதான் என்னை உலுக்கியது. பழத்தை முழுங்கினேன்.

"மாப்பிள்ள இல்ல! பேப்பர் வேல பழக வந்த புள்ள! தண்ணியப் பத்தி எழுதக் கூட்டியாந்தேன்!"

கீழ் லயத்து நாய்கள்கூடக் குரைத்தன. மாரியாயி வாயைப் பிளந்தாள். "இந்தத் தொண்டைய இத்தன நாளா எங்கடி வச்சிருந்த?"

சுதா தலையில் வைத்த பூவைப் பிடுங்கிவிட்டுக் குடத்தை எடுத்தாள். "எழுதத்தானே வந்தீங்க? தூக்கிப் பார்த்துட்டு எழுதுங்க."

மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கி, பட்டுச் சட்டையோடு குடம் சுமந்து ஏறினான் கஜன். வழுக்கி விழுந்து, மறுபடி இறங்கினான். அதை அப்படியே எழுதினான். சாயங்காலம் கொடுத்தான். பெயரோடு வந்தது. சட்டையில் பட்ட சேறு மட்டும் இன்னும் போகவில்லை.

இப்போது வரும் மாணவர்களுக்கு முதல் நாளே நாற்காலி, குடை, கழுத்தில் மாட்டக் கார்டு, வேலை சொல்லித்தர ஓர் ஆள் எல்லாம் உண்டு. கூட அனுப்புவதற்கு வாய் பேசத் தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்புகிறார்கள். அந்தக் கார்டுக்கு எங்கள் அலுவலகத்தில் 'மாப்பிள்ளை அட்டை' என்றுதான் பெயர்.

இந்த வருசம் ஒரு பெண்பிள்ளை வந்திருக்கிறாள். அது எப்படித்தான் தெரிந்ததோ, நேற்று மாரியாயி போன் பண்ணினாள்.

"பொண்ணாமே? என் சின்னவனுக்கு இன்னும் கல்யாணமாகலடி. அட்டைய ஆபீசுலயே வச்சிட்டுக் கூட்டியா!"