மூன்று ஓட்டைக்கு நாற்பத்தொரு நாள்

உலகத்திலேயே ஒரு பந்தில் மூன்று ஓட்டை போட நாற்பத்தொரு நாள் எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் பேட்டர்ன் அண்ணன்தான். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை, ஏனென்றால் அந்தப் பந்து என்னுடையது. அந்த நாற்பத்தொரு நாளும் மாலை போட்டு விரதம் இருந்திருந்தால் மலைக்காவது போய்விட்டு வந்திருப்பேன்.

அவருடைய சொந்தப் பெயர் நெய்வேலி நகரியத்தில் அவர் மனைவிக்கும் சம்பள ஸ்லிப்புக்கும் மட்டும்தான் தெரியும். சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன்னால் எங்கெங்கே, எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு ஆழத்துக்குத் துளை போட வேண்டும் என்று பேட்டர்ன் வரைகிற பிரிவில் வேலை. அதனால் அந்தப் பெயர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஷெட் போட்டு, ஸ்க்ராப் ஏலத்தில் எடுத்த டிரில்லிங் மெஷின் ஒன்றை நிறுத்தியிருந்தார். எங்கள் கிளப்பில் பௌலிங் ஆடுகிற எல்லோருக்கும் அவர்தான் பந்தில் துளை போட்டுத் தருவார்.

பௌலிங் என்றால் கிரிக்கெட் இல்லை. எண்ணெய் பூசிய மரத்தரையில் கனத்த பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். பேட்டர்ன் அண்ணன் தன் ஆயுளில் ஒரு பந்தைக்கூட உருட்டியது கிடையாது. கேட்டால், "வெடிக்குத் தொள போடறவன் வெடி மேல போயி உக்காந்து பாக்கணுமாங்க?" என்பார்.

என் பிரச்சினை வலது மூலைக் கட்டை. ஒன்பது விழும், அது மட்டும் அசையாமல் நின்று என்னைப் பார்க்கும். ஜூனில் சென்னையில் போட்டி; ஜூலையில் எனக்கு ரிட்டயர்மெண்ட். பன்னிரண்டு வருஷமாக எங்கள் சுரங்க ஊழியர் அணி முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. வேலையை விட்டுப் போவதற்குள் ஒரே ஒரு தடவை தாண்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. மகள் பெங்களூரிலிருந்து துளையே போடாத புதுப் பந்து ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனதுதான் நான் செய்த தப்பு.

"இந்தப் புள்ளி தெரியுதுங்களா?" என்று பந்தின் மேலிருந்த சிவப்புப் பொட்டைக் காட்டினார். "உள்ளாற கனமா ஒரு கரு இருக்கு. அதோட தலை இங்க இருக்குது. இதுலேர்ந்து எவ்ளோ தள்ளி விரல் ஓட்டை வெக்கிறோமோ, அத வெச்சுதான் பந்து எங்க திரும்பும்னு இருக்குது. உங்க பழைய பந்து முன்னாடியே திரும்பிட்டு, கட்டைகிட்ட போறப்ப களைச்சுப் போவுது. புதுசு கடைசி வரைக்கும் நேராப் போயி அப்புறம் திரும்பணும்."

"சரிண்ணே, போடுங்க."

"எப்படிப் போடறது? உங்க பந்து எப்படிச் சுத்துதுன்னு பாக்க வேணாமா? பழைய பந்தக் குடுங்க, அதுல எண்ணெய்க் கோடு இருக்கும்."

கொடுத்தேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"ஏங்க துடைச்சீங்க? தடயத்தயே அழிச்சிட்டு வந்து நின்னுகினு இருக்கீங்களே!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பின்பக்கத்தில் ஐந்து பிளைவுட் பலகைகளை வரிசையாகப் போட்டு, ஒரு லிட்டர் விளக்கெண்ணெயைத் தடவி, கோடியில் பத்துத் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தினார். என் முதல் உருட்டிலேயே பழைய பந்து பாட்டில்களைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்து குவார்ட்டர்ஸ் ரோஜாத் தொட்டியை உடைத்தது. அந்த வீட்டம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். அண்ணன் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. எண்ணெயும் மண்ணுமாக இருந்த பந்தை இரண்டு கையாலும் ஏந்தி, "ஆஹா, கோடு விழுந்திருக்கு பாருங்க!" என்றார். மன்னிப்புக் கேட்டு, புதுத் தொட்டி வாங்கி வைத்தது நான்.

பிறகு இரண்டு வாரம் என் கையை அளந்தார். விரல் நீளம், மடக்கினால் எவ்வளவு, நீட்டினால் எவ்வளவு, கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்கிறது. அக்னி நட்சத்திரம், ஷெட்டில் ஃபேன்கூடக் கிடையாது. நான் வியர்வையில் நனைந்துகொண்டு கையை நீட்டி உட்கார்ந்திருப்பேன். மோர் கொண்டுவந்த அண்ணி ஒருநாள் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தப்பகூட இவரு என்ன இவ்ளோ நேரம் பாக்கலைங்க."

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சுரங்கத்தில் பெர்மிட் இல்லாமல் ஒரு துளையும் விழக்கூடாது என்பது விதி. அந்த விதியை அவர் முருங்கை மரத்தடிக்கும் கொண்டுவந்து, ஒரு பெர்மிட் எழுதினார். வேலையின் விவரம்: பந்தில் மூன்று துளை. ஆபத்து: பந்து உருண்டு காலில் விழுதல். சேஃப்டி ஆபீசர் இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். நாற்பத்தொன்றாம் நாள் காலை அண்ணன் விசில் ஊதி, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா முதல் தெரு நாய் வரை எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார். பத்தே நிமிஷம். மூன்று ஓட்டை. நான் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மேலேயே எறியலாமா என்று யோசித்தேன்.

ஆனால் பந்து கையில் உட்கார்ந்த விதம் இருக்கிறதே, அப்படியே ஒட்டிக்கொண்டது.

சென்னையில் அந்த மாலுக்குள் நுழைந்ததும் ஏசி எலும்பு வரை குளிர்ந்தது. பயிற்சிக்கு முதல் உருட்டு. கையைப் பின்னால் வீசினேன். பந்து விரலிலிருந்து நழுவி, எனக்குப் பின்னால் தொம்மென்று விழுந்து, எங்கள் கேப்டனின் ஷூவை உரசிக்கொண்டு போனது. கேப்டன் என் மகள் வயதுப் பையன். மரியாதையாகத்தான் சொன்னான்.

"சார், இன்னைக்கு நீங்க உக்காந்துக்கிறீங்களா? வேற ஆளப் போட்டுக்கிறேன்."

பன்னிரண்டு வருஷம் கண்முன் போய்விட்டது. அழுகை வராத குறையாகப் போனை எடுத்து பேட்டர்ன் அண்ணன் நம்பரைப் போட்டேன். மணி எனக்குப் பின்னாலேயே அடித்தது. திரும்பிப் பார்த்தால், கையில் மஞ்சப் பையோடு நின்றுகொண்டிருந்தார். விடிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறார், ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் திட்டுவதற்குள் அவரே பேசினார்.

"என் தப்பு சார். வெயில்ல வீங்கின விரலுக்கு அளவு எடுத்துட்டேன். இங்க குளிருக்கு விரல் சுருங்கிப்போச்சு."

அந்த மனிதர் வாயிலிருந்து 'என் தப்பு' என்று அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்தார். கட்டைவிரல் ஓட்டைக்குள் ஒரு துண்டு ஒட்டினார், விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். இன்னொரு துண்டு. ஐந்தாவது துண்டில் பந்து மறுபடியும் கையில் ஒட்டிக்கொண்டது. கேப்டனிடம் போய், "தம்பி, இவரு ஆடுவாரு. தப்பு பந்துலதான், அதச் சரி பண்ணியாச்சு" என்றார். கேப்டன் என்ன நினைத்தானோ, சரியென்று விட்டான்.

போட்டியில் கடைசி உருட்டு என்னுடையது. பத்தும் விழுந்தால் எங்கள் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். பந்து நேராகப் போய், கடைசியில் அண்ணன் சொன்ன மாதிரியே திரும்பி, நடுவில் இடித்தது. ஒன்பது விழுந்தன. மூலைக் கட்டை நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது விழுந்த கட்டைகளில் ஒன்று சாவகாசமாகக் குறுக்கே உருண்டு வந்து, அதைத் தொட்டது. கட்டை யோசித்து, யோசித்து, விழுந்தது.

கேப்டன் என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் பேட்டர்ன் அண்ணனைத் தேடினேன். அவர் சுவரோரமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, விழுந்துடுச்சு!"

கண்ணைத் திறந்தார். "எப்படி விழுந்துச்சு?"

சொன்னேன். முகம் தொங்கிப்போனது. "அப்ப அது அதிர்ஷ்டம்ங்க, பேட்டர்ன் இல்ல. ஓட்டைய அடைச்சிட்டு, அரை இஞ்ச் தள்ளி மறுபடி போடணும். திங்கக்கெழம வூட்டுக்கு வந்துடுங்க."

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேன்ண்ணே. நாளைக்கு அடுத்த சுத்து ஆடினா முடிஞ்சுது, அப்புறம் எனக்கு மேட்சே கிடையாது."

"அதுக்கு? பந்து சரியா போவணுமில்ல?"

இப்போது நான் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் இருக்கிறேன். அந்தப் பந்து இதுவரை நான்கு முறை அடைக்கப்பட்டு, நான்கு முறை துளைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெர்மிட், ஹெல்மெட், விசில் எல்லாம் உண்டு. ஆறு கிலோ பந்தை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போகிறேன். ஆடுவதற்கு எனக்கு ஒரு மேட்சும் இல்லை. அந்த மனுஷனைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.