மைனஸ் இரண்டு போல்ட்

கழித்தல் கணக்கு எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் இருபத்தெட்டு வயது வரை வரவில்லை.

அப்போது ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில், சக்கரம் மாட்டும் லைனில் கான்ட்ராக்ட் தொழிலாளி நான். (ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவளுக்கு எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. விதி!) புதிதாகச் சேருபவர்கள் கம்ப்யூட்டரிலேயே பழகட்டும் என்று பயிற்சி அறையில் எங்கள் லைனை அப்படியே ஒரு மெய்நிகர் உலகமாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் டிப்ளமோவில் கொஞ்சம் புரோகிராம் எழுதியவள் என்று சூப்பர்வைசர் தயாளன் சாருக்குத் தெரியும்.

"போல்ட் பெட்டிய மட்டும் நீ செஞ்சி குடும்மா. குவாலிட்டி மேடம் ஓகே சொல்ட்டாங்கன்னா, பயிற்சி ரூம்லயே உனக்கு பர்மனென்ட்டு."

என் கான்ட்ராக்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அன்று ஆட ஆரம்பித்த என் கால் மூன்று வாரம் நிற்கவில்லை.

பெட்டியில் நாற்பத்தெட்டு போல்ட். எடுக்க எடுக்க எண்ணிக்கை கழியும், குவியலின் உயரம் குறையும். சரியாகப் பத்து ஆனால் மணி அடித்துப் பெட்டி தானாக நிரம்பும். பூஜ்யமானால் என்ன செய்வது என்று நான் எழுதவே இல்லை. ஏனென்றால் எங்கள் லைனில் பெட்டி காலியானதாகச் சரித்திரமே கிடையாது. பத்து இருக்கும்போதே ஒருவர் கத்துவார், சரக்கு வண்டி ஓடிவரும். ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிச் சோதித்தேன். பத்தில் மணி அடித்தது. போதும் என்று கேன்டீனுக்கு ஓடிவிட்டேன்.

சோதிக்க வந்த குவாலிட்டி மேடம் நிதானமானவர். முறைப்படி, சக்கரத்துக்கு ஐந்து போல்ட்டாக எடுத்தார். நாற்பத்து மூன்று, முப்பத்தெட்டு... பதின்மூன்று. அடுத்தது எட்டு. ஐயையோ, பத்தைத் தொடாமலே தாண்டிவிட்டது! மணி மூச்சுவிடவில்லை. அப்புறம் மூன்று. அப்புறம் மைனஸ் இரண்டு. குவியல் பெட்டியின் அடியைப் பொத்துக்கொண்டு கீழ்ப்பக்கமாக வளர ஆரம்பித்தது. மேடம் விடாமல் மைனஸ் பன்னிரண்டு வரை போனார்.

"இன்னாமா இது! போல்ட்டு தரைக்குள்ள போய்க்கினு கீது!" என்று தயாளன் சார் எழுந்தே விட்டார்.

"ஒரே நிமிஷம் மேடம்!" பாய்ந்து ஒரு வரி சேர்த்தேன்: பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு. (சோதித்தேனா? நானாவது, சோதிப்பதாவது!) மேடம் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மூன்று. அடுத்த சக்கரம். பூஜ்யம்!

"பாத்தீங்களா மேடம், நின்னுடுச்சு!" கை தட்டாத குறைதான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பெட்டியில மூணுதான் இருந்துச்சு. சக்கரத்துல அஞ்சு மாட்டியாச்சுன்னு காட்டுது. மீதி ரெண்டு எங்கம்மா? இந்தக் கார்ல யாரும்மா போறாங்க?"

என் கால் அப்போதுதான் நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பர்மனென்ட் போச்சு. ஆறு மாத நீட்டிப்பு மட்டும் கிடைத்தது. அன்றே உட்கார்ந்து திருத்தினேன். பத்தோ அதற்குக் கீழோ வந்தால் மணி. கழிப்பதற்கு முன் எண்ணிப் பார். ஐந்து இல்லையென்றால் கொடுக்காதே, லைனை நிறுத்து. மேடம் பார்த்துவிட்டு, முதல் பாடத்தில் மணியையும் பெட்டி தானாக நிரம்புவதையும் அணைத்துவைக்கச் சொன்னார். "காலிப் பெட்டி எப்படி இருக்கும்னு புதுப் பசங்க பாக்கட்டும்." என் பர்மனென்ட் இன்னொரு நீட்டிப்பும் முடிந்து, ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது.

இன்றும் கம்பெனி பஸ் சக்கரத்தின் போல்ட்டுகளை எண்ணாமல் நான் ஏறுவதில்லை. டிரைவர் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிட்டார். குன்றத்தூர் வீட்டில் அவசரத்தில் ஹாட்பாக்ஸுக்குள் நான் கையை விட்டால் போதும், கோவில்பட்டிக்காரரான என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

"ஏட்டி, உள்ள எத்தன கெடக்குன்னு பாத்துட்டு எடு. மைனஸ் ரெண்டு தோசைய எவன் சுடுவான்?"